கடனும் மன்னிப்பும்

நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். 2025 ஏப்ரலில், ஒடிசாவின் கியோஞ்சர் சிறையிலிருந்து மகேந்திர ஹெம்பிராம் என்ற ஆயுள் கைதி இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நன்னடத்தையின் பேரில் விடுதலையான செய்தியை அவர் படித்திருந்தார். கிரகாம் ஸ்டெயின்ஸ் கொலை வழக்கில் தண்டனை பெற்றவர் அவர். "உங்கள் வேதத்தில் எல்லோரையும் எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட வேண்டும் என்று இருக்கிறதாமே சார்? அப்படியானால் கோர்ட் எதற்கு, ஜெயில் எதற்கு? அந்த அம்மையார்தான் மன்னித்துவிட்டாரே, பிறகு இருபத்தைந்து வருஷம் உள்ளே வைத்தது ஏன்?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்று நான் கூறிய பதில் எனக்கே நிறைவு தரவில்லை. கிறிஸ்தவர்களில் பலரும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், 'மன்னிப்பு' என்ற சொல்லை அடிக்கடி உச்சரிக்கிறோமே தவிர, அதன் பொருளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வேதாகமத்தைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு படித்ததன் விளைவே இக்கட்டுரை. பிற சமயத்து அன்பர்களும் படிக்கும் இதழாகையால், எல்லோருக்கும் விளங்கும்படி எழுத முயன்றுள்ளேன்.

சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் மன்னிப்பதைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் வினைச்சொல் 'அஃபியேமி'. இது கோயிலுக்கென்று ஏற்பட்ட சொல்லன்று. அன்றாட வாழ்க்கைச் சொல். 'விட்டுவிடு', 'போகவிடு' என்பதே அதன் நேர்ப்பொருள். கலிலேயக் கடற்கரையில் மீனவர்கள் தம் வலைகளை விட்டுவிட்டு இயேசுவின் பின்னே சென்றார்கள் என்று மாற்கு எழுதுமிடத்திலும் இச்சொல்லே வருகிறது. கடன் கொடுத்தவர் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுக் கடனைத் தள்ளுபடி செய்வதற்கும் இதே சொல்தான்.

இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் 'ஹோபா' என்ற ஒரே சொல் வழங்கியது. அவர் தம் சீடர்களுக்குக் கற்பித்த ஜெபம் மத்தேயுவில் 'கடன்' என்ற சொல்லோடும், லூக்காவில் 'பாவம்' என்ற சொல்லோடும் காணப்படுவதன் காரணம் இதுவே. தென்னாட்டுத் திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டு வரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் கடன், கடனாளி என்ற சொற்களே இருக்கின்றன. சிறுவயதில் அந்த ஜெபத்தைச் சொல்லும்போது, எங்கள் வீட்டில் பால்காரருக்கு யாரோ பாக்கி வைத்திருக்கிறார்கள் என்றே நான் எண்ணிக்கொள்வேன்! இப்போது யோசித்தால் அது அவ்வளவு பிழையான எண்ணமாகத் தெரியவில்லை.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இன்னொரு சொல் உண்டு: 'நாசா'. தூக்கு, சும என்பது இதன் பொருள். மன்னிப்பதற்கும் இச்சொல் வழங்குகிறது. யோசேப்பின் சகோதரர்கள் தங்கள் குற்றத்தைப் பொறுக்கும்படி அவனை வேண்டும் இடத்தில் வருவது இதுதான். இவ்விடத்தில் நம் தமிழை எண்ணி நான் வியந்தேன். நாமும் மன்னிப்பதைப் 'பொறுத்தல்' என்றுதானே சொல்கிறோம்? 'பொறை' என்றால் சுமை. 'பொறை' என்றால் பொறுமை. திருவள்ளுவர் பதினாறாம் அதிகாரத்துக்குப் 'பொறையுடைமை' என்று பெயரிட்டு, தன்னைத் தோண்டுபவரையே தாங்கும் நிலத்தைத் தொடக்கத்தில் உவமையாக்குகிறார். எபிரேயமும் தமிழும் தொடர்பில்லாத இரு மொழிகள். ஆயினும், மன்னிப்பவன் ஒரு பாரத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறான் என்பதை இரண்டும் கண்டிருக்கின்றன.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கடன் தள்ளுபடியானால் நட்டம் காற்றில் கரைந்து போவதில்லை. கொடுத்தவன் அதை ஏற்கிறான். மன்னிப்பு இலவசம் என்பது வாங்குபவனுக்கு மட்டுமே. கிறிஸ்தவ விசுவாசத்தில் சிலுவை நடுவிடத்தில் நிற்பதற்கும் இதுவே காரணம்: மனிதன் பட்ட கடனைக் கடவுளே தம்மீது ஏற்றுக்கொண்டார் என்பது அந்த விசுவாசத்தின் சாரம்.

பத்தாயிரம் தாலந்தும் நூறு வெள்ளிப்பணமும்

மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில், தனக்குத் தீங்கு செய்யும் சகோதரனை எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவை போதுமா என்று பேதுரு கேட்கிறார். ஏழு அன்று, ஏழெழுபது என்று இயேசு விடை தருகிறார். (கிரேக்கத்தில் அத்தொடரை எழுபத்தேழு என்றும் கொள்ளலாம், நானூற்றுத் தொண்ணூறு என்றும் கொள்ளலாம்.) கணக்கு வைத்துக்கொள்ளாதே என்பதே கருத்து. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் லாமேக்கு என்ற மனிதன் தன் மனைவியரிடம் வீரம் பேசுகிறான்: தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டதாகவும், காயீனுக்கு ஏழு மடங்கு பழிவாங்கல் என்றால் தனக்கு எழுபத்தேழு மடங்கு என்றும். அதன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள அதே தொடரைத்தான் மத்தேயுவும் இயேசுவின் விடைக்குப் பயன்படுத்துகிறார். பழிக்குப் பழி பெருகிக்கொண்டே போன அதே அளவைக்கு மன்னிப்பு பெருக வேண்டுமாம்.

இதைத் தொடர்ந்து வருவதுதான் கடன்பட்ட ஊழியக்காரனின் உவமை. ஓர் அரசனுக்கு ஒருவன் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான், கெஞ்சினான், அரசன் இரங்கி முழுவதையும் விட்டுவிட்டான். வெளியே வந்த அவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியனைக் கண்டு, கழுத்தைப் பிடித்து நெரித்துச் சிறையில் போட்டான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கூர்மை விளங்கும். ஒரு வெள்ளிப்பணம், அதாவது தெனாரியம், ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஆகவே பத்தாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாட்களின் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் ஆண்டுகள் ஆகும்! கிரேக்க மொழியில் எண்ணுக்கென இருந்த தனிச்சொற்களில் பெரியது பத்தாயிரம்; நாணயக் கணக்கில் பெரிய அலகு தாலந்து. அதாவது, கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். யாராலும் படமுடியாத, யாராலும் அடைக்கமுடியாத கடன் அது.

மற்றக் கடனைப் பற்றிப் பிரசங்கங்களில் சொல்வதை நான் ஏற்பதில்லை. அது அற்பத் தொகை, தூசி என்று பலர் பேசிவிடுகிறார்கள். நூறு வெள்ளிப்பணம் என்பது நூறு நாள் கூலி. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டில் வந்து, நம் ஊர்ப்பக்கங்களில் 'நூறு நாள் வேலை' என்றே பெயர் பெற்றுவிட்ட திட்டத்தை எண்ணிப் பாருங்கள். அந்த நூறு நாள் கூலியை ஒருவர் கிராமத்து ஏழை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டால் அது தூசியா? இயேசு நம் காயத்தைச் சிறிது என்று சொல்லவில்லை. அது உண்மையான நட்டந்தான். ஆறு லட்சம் மடங்கு பெரிய ஒன்றன் பக்கத்தில் வைத்துப் பார் என்கிறார், அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேதுருவின் கேள்விக்குச் சற்று முன்னர், அதே அதிகாரத்தின் பதினைந்தாம் வசனத்திலிருந்து இயேசு வேறொன்றைப் பேசுகிறார். சகோதரன் குற்றம் செய்தால் அவனிடம் தனியே போய் அதை எடுத்துச் சொல். கேட்காவிட்டால் இரண்டொருவரைச் சாட்சியாக அழைத்துப் போ. அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரிவி என்கிறார். ஏழெழுபதைப் பிரசங்கிப்பவர்கள் இவ்வசனங்களை ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள். குற்றத்தைக் குற்றம் என்று பெயர் சொல்லாமல் மன்னிப்பது எப்படி? பெயர் சொல்லாவிட்டால் அது மன்னிப்பன்று, மூடிமறைத்தல்.

மனோகர்ப்பூரும் உதய்நகரும்

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். கிரகாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியர். 1965-இல் இந்தியா வந்து, ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்திலுள்ள பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்குப் பணி செய்தவர். 1999 ஜனவரி 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்ப்பூர் கிராமத்தில் தம் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவரையும், பத்து வயது பிலிப், ஆறு வயது திமோத்தி என்ற இரு மகன்களையும் ஒரு கும்பல் வண்டியோடு கொளுத்தியது. அவர் மனைவி கிளாடிஸும் மகள் எஸ்தரும் மட்டுமே குடும்பத்தில் எஞ்சினர். கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் அம்மையார் சில நாட்களுக்குள்ளேயே அறிவித்தார்.

அந்த அறிவிப்பு நாடெங்கும் பேசப்பட்டது. அதற்குப் பின் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 2004 வரை பாரிபதாவிலேயே இருந்து, அதே தொழுநோய் இல்லத்தின் பணியைத் தொடர்ந்தார்; கணவர் நினைவாக ஒரு மருத்துவமனை எழும்பியது. 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. வழக்கு தன் வழியில் நடந்தது. 2003-இல் விசாரணை நீதிமன்றம் முதல் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை விதித்தது. 2005-இல் ஒடிசா உயர்நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. மன்னிப்பையும் குற்றத்துக்குரிய சட்ட விளைவையும் ஒன்றாகக் குழப்பலாகாது என்னும் கருத்தையே அம்மையார் கூறிவந்தார்.

நண்பருக்கு நான் தந்திருக்க வேண்டிய பதில் இதுதான். வெறுப்பை விடுவது பாதிக்கப்பட்டவரின் கையில் உள்ளது. தண்டனையை விடுவது அவர் கையில் இல்லை. அரசு தண்டிப்பது அவருக்காகப் பழிவாங்க அன்று. நாளை இன்னொரு வண்டி எரியாதிருக்கவேண்டும் என்பதற்காக. தனக்குரிய பாக்கியைத்தான் ஒருவர் தள்ளுபடி செய்யலாம். ஊருக்குரியதைத் தள்ளுபடி செய்ய அவருக்கு ஏது அதிகாரம்?

மற்றொரு வரலாறு தமிழர்களிடையே அவ்வளவாக அறியப்படவில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் பிறந்தவர் அருட்சகோதரி ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்த துறவி. நம்மைப்போலவே தெற்கிலிருந்து வடக்கே வந்து, முதலில் உத்தரப் பிரதேசத்திலும் பின்னர் மத்தியப் பிரதேசத்திலும் பணியாற்றினார். உதய்நகர்ப் பகுதியின் பழங்குடி மக்களை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க முயன்றார். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, உதய்நகரிலிருந்து இந்தூர் செல்லும் பேருந்தில், பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஏவிவிடப்பட்ட சமந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். உடலில் ஐம்பதுக்கு மேற்பட்ட காயங்கள். வயது 41.

சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட கத்தோலிக்கக் குரு ஒருவர் அவரைச் சிறையில் சந்தித்துப் பேசிவந்தார். 2002 ஆகஸ்டில், ரக்ஷா பந்தனை ஒட்டி, கொலையுண்டவரின் உடன்பிறந்த தங்கையும் அதே சபைத் துறவியுமான செல்மி பால் சிறைக்குச் சென்று, தம் அக்காளைக் குத்திய அந்தக் கையில் ராக்கி கட்டினார். வடபுலத்தில் வாழும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ராக்கி கட்டினால் அண்ணன். அண்ணன் என்றால் காக்கும் கடமை உடையவர். அவர் ஜெபப் புத்தகம் கொண்டுபோகவில்லை. அந்த மனிதருக்குப் புரியும் மொழியில் மன்னிப்பைக் கொண்டுபோனார்.

குடும்பத்தாரும் அவருக்கு விடுதலை வேண்டி மனுச் செய்தனர். 2006-இல் அவர் வெளியே வந்தார். புல்லுவழிக்குச் சென்று அந்தப் பெற்றோரைச் சந்தித்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா 'அருளாளர்' என்று அறிவிக்கப்பட்ட விழாக் கூட்டத்தில் சமந்தர் சிங்கும் இருந்தார்.

இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைக்கும்போது ஒரு வேற்றுமை கண்ணில் படுகிறது. ஒருவர் சில நாட்களில் சொன்னார். மற்றக் குடும்பத்தில் கொலைக்கும் ராக்கிக்கும் இடையே ஏழரை ஆண்டுகள். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று யார் சொல்ல முடியும்? யோசேப்பும் தன் சகோதரர்களை எகிப்தில் கண்டவுடனே கட்டித் தழுவிவிடவில்லை. தன்னை யாரென்று காட்டாமல், தானியம் கொடுத்தனுப்பி, வரவழைத்து, பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்துவைத்துச் சோதித்தான். ஒரு தம்பியை விற்ற யூதா, இன்னொரு தம்பிக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்க முன்வந்ததைக் கண்ட பின்புதான் வாய்விட்டு அழுதான். மன்னிக்க ஒருவர் போதும்; ஒப்புரவாக இருவர் வேண்டும். நம்பிக்கை மீண்டும் முளைக்கக் காலம் வேண்டும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, குடித்துவிட்டு அடிக்கும் கணவரைப் பற்றித் தம் சபைப் பெரியவர் ஒருவரிடம் முறையிடப் போனார். ஏழெழுபது தடவை மன்னிக்கும்படி அறிவுரை கூறித் திருப்பி அனுப்பப்பட்டார். கை முறிந்த பிறகுதான் தாய் வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். இது அறிவுரையன்று; அடித்தவருக்குத் துணைபோவது. மன்னி என்று அடிபட்டவரிடம் சொல்வதற்கு முன், அடித்தவரிடம் போய்ப் பதினைந்தாம் வசனத்தைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அந்த அம்மாள் என்றேனும் மனத்தளவில் அவரை மன்னிக்கலாம். அதற்காக அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று வேதம் எங்கும் கட்டளையிடவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. அடிபடாத, வெறும் வாய்ச்சொல்லால் புண்பட்ட நாமெல்லாம் இந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்திக்கொண்டு, 'அவன் வந்து கேட்கட்டும்' என்று வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். மனந்திரும்பினால் மன்னி என்று லூக்கா பதினேழாம் அதிகாரத்தில் இருப்பது உண்மையே. ஆனால் சிலுவையில் இயேசு, தம்மை அறைந்தவர்கள் கேட்பதற்காகக் காத்திருக்கவில்லை. முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானும் கல்லெறிபவர்கள் கேட்காமலேதான் அவர்களுக்காக ஜெபித்தார். மலைப்பிரசங்கத்தில் வருவது இன்னும் சங்கடமானது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய் என்கிறது. அதைக் கேட்டவர்கள் கலிலேயர். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். போய்வரப் பல நாள் நடை. நமக்கோ ஊருக்கு இரயில் இருக்கிறது.

என் சொந்தக் கதையைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. தந்தையார் காலமான பின், ஊரிலிருந்த வீட்டை விற்ற பணத்தில் என் பங்கை அண்ணன் தரவில்லை. தொகையைச் சொல்ல வேண்டாம். அன்றைய என் சம்பளத்தில் ஏறத்தாழ ஓராண்டுக்குரியது. பதினொரு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. ஞாயிறுதோறும் கடனாளிகளைப் பற்றிய அந்த ஜெபத்தை மட்டும் தவறாமல் சொல்லிவந்தேன். ஒருநாள் அந்த வரி வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டு, சபையார் முடித்த பின்னும் நான் பாதியில் நின்றேன். அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனேன். "அண்ணே, அந்தப் பணம் எனக்கு வரவேண்டியதுதான். நீங்கள் செய்தது தப்பு. ஆனால் இனிமேல் நான் அதைக் கேட்கமாட்டேன்" என்றேன். பதிலே இல்லை. அண்ணிதான் உள்ளேயிருந்து, "தம்பிக்கு இலை போடவா?" என்று கேட்டார்கள். சாப்பிட்டேன். இப்போது பண்டிகைக்குப் பண்டிகை தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். கொடுக்கல் வாங்கல் எதுவும் அவரோடு வைத்துக்கொள்வதில்லை.

இதைக் கேட்ட நண்பர், "பணம்?" என்றார்.

வரவில்லை என்றேன்.